ஆத்தங்குடிப் பட்டறையில் ஓர் எழுத்துத் தொழில்

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி போகும்போது ஊர் நெருங்க நெருங்க டைல்ஸ் பட்டறைகளின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். சார்ப்பு இறக்கிய கொட்டகை, வாசலில் மணல் குவியல், சுவரோரம் அடுக்கிய பூப்போட்ட கற்கள். அப்படி ஒரு பட்டறையில் கல் போடும் தொழிலாளிகளுக்கு நடுவே நோட்டும் போனுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கத்தான் போனேன். சிறு வியாபாரிகளுக்காக எழுதுவதும் வீடியோ எடுத்துத் தருவதும் அவர் தொழில். நகரத்தில் ‘கன்டென்ட் மார்க்கெட்டிங்’ என்று பேசப்படும் வேலை, கிராமத்துப் பட்டறையில் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க விரும்பினேன்.

துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்தார் மூத்த தொழிலாளி. அதற்குள் பூ அச்சு. சிமெண்டும் நைஸ் மணலும் ஆக்சைடு நிறமும் கரைத்த கலவையைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றினார். சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்காமல் அதனதன் இடத்தில் நின்றன.

“ஏண்ணே, ஊத்துறப்ப மளமளன்னு ஊத்துறீங்க, அச்சத் தூக்குறப்ப மட்டும் இவ்வளவு நிதானம்?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“கொஞ்சம் சாஞ்சாலும் செவப்பு மஞ்சள்ல ஏறிரும் தாயி. அப்புறம் அந்தக் கல்லு கழிவுதான்.”

பதில் அப்படியே நோட்டில் ஏறியது. அடுத்த வீடியோவின் முதல் வரி அதுதான் என்றார். நிறத்தின் மேல் உலர்ந்த சிமெண்ட் கலவையைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அதற்கு மேல் கலவை வைத்துக் கரணையால் மட்டம் தட்டினார் தொழிலாளி. இறுகிய கல் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். பிறகு காய்ந்து, கண்ணாடியை விட்டுக் கழன்று வரும். சூளை கிடையாது. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கமே கல்லின் மேல்முகம் என்பதால்தான் அந்தப் பளபளப்பு.

அந்தப் பெண் சென்னையில் விளம்பர வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆரம்பத்தில் கடைகளுக்குப் பண்டிகை வாழ்த்தும் தள்ளுபடி போஸ்டரும் செய்து கொடுத்திருக்கிறார். அதனால் யாருக்கும் வியாபாரம் கூடவில்லை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பட்டறைக்குப் பாக்கி வாங்க வந்து காத்திருந்தபோது, முதலாளியின் போன் ஓயாமல் அடித்திருக்கிறது. வழுக்குமா? பாலிஷ் போடணுமா? ரெண்டு கல்லு ஒரே நிறமா இல்லையே? மேல வெள்ளையாப் பூக்குதே, ஏமாத்திட்டீங்களா? யார் பேசினாலும் இதே கேள்விகள். முதலாளியும் சலிக்காமல் இதே பதில்கள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து போஸ்டர் வேலையை விட்டுவிட்டார்.

ஒரு கேள்விக்கு ஒரு சிறு வீடியோ, கூடவே அரைப் பக்கம் எழுத்து. சிமெண்டிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலே வந்து காய்வதுதான் அந்த வெள்ளை. துடைக்கத் துடைக்கப் போய்விடும், ஆசிட் மட்டும் ஊற்றக் கூடாது. நிறம் கையால் கலப்பது. கல்லுக்குக் கல் இம்மி மாறத்தான் செய்யும். மிதிக்க மிதிக்க வழவழப்பு ஏறும். இப்போது யாராவது போனில் கேட்டால், முதலாளி வாட்ஸ்அப்பில் அதற்கான வீடியோவை அனுப்பிவிடுகிறார்.

இந்த வழிக்கு நூறாண்டுக்கு மேல் வயது. உழவுக் கருவி விற்ற அமெரிக்காவின் ஜான் டீர் நிறுவனம், விவசாயிகளுக்கென்று ‘தி ஃபர்ரோ’ பத்திரிகையை 1895-ல் தொடங்கியது. பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் 1900-ல் வாகன ஓட்டிகளுக்கு வழிகாட்டி நூலை இலவசமாகக் கொடுத்தது. வாங்குபவருக்கு உதவுகிற தகவலைக் கொடு, நம்பிக்கை வரும், வியாபாரம் பின்னால் வரும் என்பதுதான் கணக்கு. அன்று அதற்கு அச்சகமும் முதலும் வேண்டியிருந்தது. இன்று ஒரு போன் போதும். ஆனால் கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு நேர்மையும் வேண்டும். ‘கறையே படியாது’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார் முதலாளி. இவர் மறுத்துவிட்டார். எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்திக் கிடந்தால் சிமெண்ட் முகம் அரிக்கும், உடனே துடைத்துவிடுங்கள் என்றே எழுதினார். “அதப் பாத்துட்டு வர்றவங்க பேரம் பேசுறது கொறஞ்சிருச்சு. எப்படி வச்சுக்கணும்னுதான் கேக்குறாங்க” என்றார் முதலாளி.

குஜராத்தின் மோர்பியிலிருந்து எந்திரத்தில் செய்த டைல்ஸ் லாரி லாரியாக வருகிறது. விலையில் அதனோடு ஆத்தங்குடிக் கல் மோத முடியாது. கை செய்கிற வேலையை எடுத்துச் சொல்வது ஒன்றே அதற்கு வழி. அந்தக் கையோ பகல் முழுக்கச் சிமெண்டில் கிடந்து தோல் வெடித்த கை. வேலை செய்பவரின் சம்மதம் கேட்டு, அவர் முகத்தையும் பெயரையும் வீடியோவில் போடுவதை இந்தப் பெண் வழக்கமாக வைத்திருக்கிறார். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் விற்பனை கூடும்போது கூலியும் கூட வேண்டும். அது நடக்காவிட்டால் எவ்வளவு அழகான வீடியோவும் பாதி உண்மைதான்.

சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் ஒரு நோட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு மாதம் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் தொழிலாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பதில் கேளுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியது அந்த நோட்டிலேயே இருக்கும்.