காடைக் குஞ்சும் ‘தேவை’ என்னும் எண்ணும்

முட்டையிலிருந்து வெளிவரும் யப்பானியக் காடைக் குஞ்சின் நிறை ஏறத்தாழ 7 கிராம். ஆறு வாரங்களில் அது முட்டையிடும் பருவத்தை அண்மிவிடும். இத்துணை விரைவாக உடலைக் கட்டியெழுப்பும் உயிருக்குப் புரதம் மிகுதியாக வேண்டும் என்பது வெளிப்படை. எனினும், புரதம் என்பது ஒரு தொகைப் பெயரே. அதனை ஆக்கும் அமினோ அமிலங்களுள் இலைசின், மெதியோனின், திரியோனின் முதலியவற்றைக் குஞ்சு உணவிலிருந்தே பெறவேண்டும். இவற்றுள் ஒன்று குறையின், ஏனையவை நிறைந்திருப்பினும் வளர்ச்சி தடைப்படும்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994 இல் வெளியிட்ட அட்டவணை, வளரும் காடையின் தீனில் புரதம் 24 சதவீதமும் இலைசின் 1.30 சதவீதமும் மெதியோனின் 0.50 சதவீதமும் இருத்தல் வேண்டும் என்கின்றது. தீன் கலப்போர் இவ்வெண்களை இயற்கை வகுத்த விதிபோலக் கொள்வதுண்டு. அவை எவ்வாறு பெறப்படுகின்றன என்பதை நோக்கின் அவ்வுறுதி சற்றுத் தளரும்.

இலைசின் தேவையைக் கணிக்க விரும்புவோர், இலைசின் மட்டும் குறைந்து மற்றெல்லாம் நிறைந்த அடிப்படைத் தீனொன்றை ஆக்குவர். அதில் தூய இலைசினைப் படிப்படியாகக் கூட்டி, நிறை ஒத்த குஞ்சுக் குழுக்களுக்கு ஊட்டுவர். நிறையேற்றத்தை வரைபிலிட்டால், அது முதலில் ஏறிப் பின்னர் மட்டமாகும். தேவை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ உளது. சாய்கோடும் கிடைக்கோடும் சந்திக்கும் புள்ளியே தேவை என்பர் சிலர். வேறு சிலர் வளைகோடு வரைந்து, உச்ச வளர்ச்சியின் 95 சதவீதத்தைத் தரும் அளவைத் தேவை என்பர். ஒரே தரவிலிருந்து இரு விடைகள் பிறக்கின்றன. அந்த 95 என்பதைக் குஞ்சு கூறவில்லை, ஆய்வாளரே தெரிந்துகொண்டார்.

தீனின் சக்தியும் இவ்வெண்ணை மாற்றும். மேற்கூறிய அட்டவணை கிலோகிராமுக்கு 2900 கிலோகலோரி கொண்ட தீனுக்கு உரியது. சக்தியை 3200 ஆக உயர்த்தினால் குஞ்சு குறைவாக உண்ணும். அதே விகிதத்தில் இலைசினைப் பெற 1.43 சதவீதம் வேண்டியதாகும்.

இவற்றினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. குஞ்சுகள் யாவும் ஒத்தனவல்ல. முட்டையிடும் கோழிகளை ஆராய்ந்த பிஷர், மொறிஸ், ஜெனிங்ஸ் ஆகியோர் 1973 இல் இதனைத் தெளிவுறுத்தினர். ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனி எல்லையுண்டு. கூட்டத்தின் வளைகோடு அவ்வெல்லைகளின் திரட்சியே. சராசரிக்கு ஏற்ப ஊட்டினால், கூடிய தேவையுடைய பறவைகள் குறைபாட்டோடு நிற்கும். எல்லாவற்றையும் நிறைவு செய்ய முற்பட்டால் செலவு ஏறும். மிகையான அமினோ அமிலத்தின் நைதரசன் எச்சத்தோடு கழிந்து, கூட்டில் அமோனியாவாக எழும். எங்கு நிறுத்துவது என்பதை அமினோ அமிலத்தின் விலையும் விளைபொருளின் விலையும் சேர்ந்தே தீர்மானிக்கும் என்பது அவர்கள் கொண்ட முடிபு.

ஆகவே, ‘தேவை’ என எழுதப்படும் எண்ணினுள் உயிரியலோடு ஒரு தீர்ப்பும் அடங்கியுளது. எத்தனை குஞ்சுகள் பின்தங்குவதை ஏற்கலாம் என்பதே அத்தீர்ப்பு. அதனைச் சொல்லாது மறைத்தால் தீர்ப்பு அளவீடாகத் தோன்றிவிடும். எந்த வயதுக்கு, எந்தச் சக்திக்கு, எந்த முறையால், எத்தனை பங்கு பறவைகளுக்கு என்பவற்றையும் உடன் எழுதும்போதே அவ்வெண் பிறருக்குப் பயன்படும்.