கரிசல்காட்டில் ஒரு ஹெவி மெட்டல்!

கோவில்பட்டிக்குப் போனால் கடலைமிட்டாய் வாங்காமல் திரும்பக் கூடாது என்பது வீட்டம்மா உத்தரவு. வாங்கியாச்சு. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். கிர்க் ஹாமெட் கிடாரை இழுத்த இழுப்பில், தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் அடியேனும் ஒருவன்!

பக்கத்திலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கரண்ட் போயிட்டா இவரு என்ன செய்வாரு?"

திருதிருவென்று விழித்தேன்.

"நம்ம காருகுறிச்சி அருணாசலம் மூச்சை மட்டும் நம்பி வாசிச்சாருல்லா!"

ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர், கோவில்பட்டியிலேயே குடியிருந்தவர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு மல்லுக்கு நின்றது அவர் நாதஸ்வரம்தான். 1921-ல் பிறந்தவர், 1964-லேயே போய்விட்டார்.

"ஒரு கல்யாண ஊர்வலம். மரம் மட்டை இல்லாத கரிசல் பூமி பாருங்க... பருத்திக்காட்டைத் தாண்டி பக்கத்து ஊருக்கே கேட்டுச்சு. விடிஞ்சதுகூடத் தெரியலை!" பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு வாசிச்சது ரெக்கார்டு இருக்கா அய்யா?"

"இருக்கே!" என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

என் மெட்டாலிகா போனில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காதுக்கோ வயசு எண்பதைத் தாண்டிவிட்டது.

பஸ் வந்தது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று இன்னும் ரெண்டு டீ சொன்னேன்.