பெரியமேட்டுக் கோடு

சென்ட்ரலில் மெட்ரோவை விட்டு மேலே வந்து, ரிப்பன் மாளிகையைத் தாண்டி மேற்கே நடந்தேன். பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் வாடை முன்பைவிடக் குறைந்திருக்கிறது, அடியோடு போய்விடவில்லை. அது மூக்கில் ஏறியபோதுதான் ஊர் வந்துவிட்டது என்று நம்பினேன். துபாயில் விளம்பர வேலை, பிறகு டொராண்டோ என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நடுவில் அப்பாவின் காரியத்துக்கு வந்தபோது பெரம்பூரைத் தாண்டவில்லை. நான் படித்த ஓவியக் கல்லூரிப் பக்கம் வந்தது இப்போதுதான்.

அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. கைத்தொழிலாளர்களைப் பழக்குவதுதான் அன்றைய நோக்கம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானார். தசை, எலும்பு, ஒளி, நிழல் என்று உடம்பைப் படிக்க வைத்தார். மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். கல்லூரியின் இரவுக் காவலாளியே அதற்கு மாடலாக நின்றார் என்று சீனியர்கள் எங்களுக்குச் சொல்வார்கள். 1957இல் அவருக்குப் பின் வந்தவர் அவருடைய மாணவரான கே.சி.எஸ். பணிக்கர். அவர் காலத்தில் காற்று கோட்டின் பக்கம் திரும்பியது.

நாங்கள் சேர்ந்த எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு பேருமே இல்லை. ஆனால் இரண்டு வழிகளும் அங்கேயே இருந்தன. காலையில் ஒரு சார் மாடலை உட்கார வைத்து, கரித்துண்டால் நிழல் போடச் சொல்வார். மத்தியானம் இன்னொருவர் வந்து, "இவ்வளவு கரி எதுக்குடா? கோட்டுல கனத்தைக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எப்படிக் கொண்டு வருவது என்று சொல்லித் தந்தவர் யாரும் இல்லை.

அதை ஊர்தான் சொல்லித் தந்தது. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் அப்போது மிருகக்காட்சிச் சாலை இருந்தது. அசையும் மிருகம் நிழல் போட அவகாசம் தராது. முதுகெலும்பை ஒரே இழுப்பில் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் தாள் வீண். ராத்திரியில் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போவோம். தென்மாவட்ட ரயில்களுக்குக் காத்திருப்பவர்கள் மூட்டையில் தலைவைத்துத் தூங்குவார்கள். அசையாத மாடல், காசும் கேட்காத மாடல். கை எங்கே விழுகிறது, சேலை மடிப்பு இடுப்பில் எப்படித் திரும்புகிறது என்பதை அந்தப் பிளாட்பாரத்தில் கற்றேன். மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போய் நடராஜர் முன்னால் உட்கார்ந்தால், தூங்கினவரின் தோள்பட்டையில் பார்த்த வளைவு செம்பிலும் இருக்கும்.

மெட்ராஸ் ஓவியர்கள் கோட்டைத் தேர்ந்ததற்குக் கோயில் சிற்பத்தையும் மரபையும் காரணம் காட்டி நிறைய எழுதிவிட்டார்கள். தப்பில்லை. ஆனால் எங்கள் சட்டைப் பையை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆயில் கலர் டியூப் எங்களில் பலருக்குக் கனவு. மில் தொழிலாளி வீட்டிலிருந்து வந்த எனக்கு இந்தியன் இங்க் ஒரு பாட்டில், ஒரு நிப், பிரஸ்ஸில் வெட்டி எறிந்த தாள், அவ்வளவுதான் கட்டுப்படியானது. வெளியிலும் இதே கணக்குதான். பத்திரிகைகள் பிளாக் போட்டு அச்சடித்த காலத்தில், நிழலோடு இருக்கும் படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக் வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக் போதும். செலவு குறைவு, மட்டமான தாளிலும் தெளிவாக விழும். எங்கள் கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம் காந்தியை வரிசையாகக் கோட்டில் வரைந்தவர், சிறுபத்திரிகைகளுக்கும் வரைந்தார். அந்தக் கோடு அவருடைய மேதைமை. ஆனால் அது வாசகனிடம் போய்ச் சேர்ந்ததில் அந்தப் பத்திரிகைகளின் வறுமைக்கும் பங்கு உண்டு.

பணிக்கரும் கூட்டாளிகளும் 1966இல் கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணி செய்து விற்றுத்தான் பணம் சேர்த்தார்கள். கலை வரலாற்றை எழுதுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தையும் ஒரு தரம் புரட்டலாம்.

இந்தமுறை சுற்றிப் பார்த்தபோது, மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததை அறிந்தவன் என்றாலும் கால் அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. மிருகங்கள் அதே ஆண்டு வண்டலூருக்குப் போய்விட்டன. அவை இருந்த பக்கம் இப்போது நேரு ஸ்டேடியம். கல்லூரிக்குள் பெண் பிள்ளைகள் நிறைய. என் வகுப்பில் எண்ணிச் சொல்லிவிடலாம்.

மரத்தடியில் ஒரு மாணவி மடியில் டேப்லெட் வைத்து வரைந்துகொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்குள் இருந்த கிழவன் முணுமுணுத்தான். வாயைத் திறந்தே கேட்டுவிட்டேன்: "பேப்பர்ல போடறதில்லையாம்மா?"

"பேப்பர் வாங்கிக் கட்டுப்படி ஆகல சார். இது அக்காவோட பழசு. எவ்வளவு தப்பு பண்ணாலும் செலவு இல்ல."

பதில் சொல்ல ஒன்றுமில்லை. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். காசிமேட்டில் மீன் ஏலம். கூடைக்காரிகள், குனிந்த முதுகுகள். நிழலே போடவில்லை. முதுகு ஒன்றில் கோடு தடுமாறியிருந்தது. சுட்டிக்காட்டினேன். சட்டென்று அழித்துவிட்டு, "நீங்க போட்டுக் காட்டுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள். கண்ணாடி மேல் வழுக்கி வழுக்கி ஓடியது என் கோடு. அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "என்னோடதே பரவாயில்ல சார்" என்றாள். உண்மைதான்.