நிலம் கைக்கு வர

* விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு விதை, உரம், பூச்சிவிரட்டி எல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. எந்த நிலத்தில் செய்வது என்று கேட்டால்தான் பதில் இல்லை. சொந்த நிலம் இல்லாதவருக்குக் குத்தகை ஒன்றே வழி.

* காவிரி டெல்டாவில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை. மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசி, அறுவடை முடிந்ததும் அளந்து விடுவார்கள். பயிர்க்கடன் கேட்டுப் போனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். சிட்டா நிலக்காரர் பெயரில். அடங்கலிலும் உழுகிறவர் பெயர் ஏறியிருக்காது. வட்டிக்கு வாங்கித்தான் நடவு. சம்பா மூழ்கினால் நிவாரணத்துக்கும் அதே இழுபறி. பி.எம். கிசான் தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் வைத்திருப்பவருக்கே.

* குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சாகுபடி செய்பவரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்பதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம். பாதுகாப்பு அவசியம்தான். ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பாது என்று அஞ்சி, தரிசாகப் போட்டாலும் போடுவேன் என்கிற நிலக்காரர்கள் இருக்கிறார்கள். நிதி ஆயோக் 2016-இல் தந்த மாதிரிக் குத்தகைச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது: உடைமை நிலக்காரருக்கே, கடனும் காப்பீடும் உழுகிறவருக்கு.

* ஒரு வருடக் குத்தகையில் மண்ணைத் தேற்ற முடியாது. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, வரப்பைச் சீர்செய்து, வாய்க்காலைத் தூர்வாரி நிலத்துக்கு உயிர் கொடுத்தால், அடுத்த வருடம் குத்தகையை ஏற்றுவார்கள். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். இது தெரிந்தவர் யூரியா மூட்டையோடு நிறுத்திக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

* கேரளத்தில் குடும்பஸ்ரீ என்கிற அரசின் மகளிர் சுயஉதவித் திட்டத்தில் உள்ள பெண்கள் நான்கு முதல் பத்துப் பேர் வரை குழுவாகச் சேர்ந்து நிலம் குத்தகைக்கு எடுக்கிறார்கள். கூட்டுப்பொறுப்பில் வங்கிக் கடன் கிடைக்கிறது. தரிசாகக் கிடந்த வயல்கள் பல அப்படி நடவு கண்டன. தனியாளுக்குத் தயங்கும் நிலக்காரரும் குழு என்றால் பேச உட்காருகிறார்.

* குத்தகையைத் தாண்டி, நிலமே உழைப்பவர் கைக்கு வந்த கதையும் டெல்டாவில் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு அங்குள்ள கீழ்வெண்மணி கிராமத்தில் தலித் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தப் பகுதியிலேயே தங்கி வேலை செய்தார்கள். நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத்தர 1981-இல் அவர்கள் தொடங்கியது லாஃப்டி இயக்கம். நிலக்காரர்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பெயரிலேயே பத்திரம். இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கிய பெண் பட்டாதாரர் ஆனார். இதைவிடப் பெரிய வேளாண் திட்டம் எனக்குத் தெரியாது.

* எல்லோருக்கும் நிலம் வாங்கித் தர முடியாது. செய்ய முடிந்தவை உண்டு: ஐந்து வருடத்துக்குக் குறையாத எழுத்துக் குத்தகை, அடங்கலில் உழுகிறவர் பெயர், பணக் குத்தகை என்றாலும் முதல் வருடத் தொகையை அறுவடைக்குப் பிறகு வாங்கும் பெருந்தன்மை. இளைஞர்களை விவசாயத்துக்கு வாருங்கள் என்று மேடையில் கூப்பிடுகிறவர்கள் முதலில் இந்த மூன்றுக்கும் வழி செய்யட்டும்.