மரத்தின் வேர்வை

ரோல்தால் கோயிலில் நான் முதலில் நிமிர்ந்து பார்த்தது சிலுவையில் தொங்கும் இயேசுவின் நெற்றியைத்தான். 13ஆம் நூற்றாண்டில் மரத்தில் செதுக்கிய உருவம். கோடை நடுவில், புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவில், அந்த உருவத்தில் வேர்வை துளிர்க்கும் என்பது நம்பிக்கை. அதைத் துணியில் ஒற்றி உடம்பில் தடவினால் நோய் தீருமாம். அந்த ஒரு இரவுக்காகத் தென்மேற்கு நார்வேயின் மலைகளை ஏறி இறங்கி நூற்றாண்டுக் கணக்கில் ஜனங்கள் வந்திருக்கிறார்கள். 1835இல் ஊர்ப் பாதிரியார் வழக்கத்தை நிறுத்தினார். மரம் வேர்க்குமா என்ற கேள்வி எனக்கு எழவேயில்லை. அத்தனை தூரம் நடந்து வந்தவர்களின் கால்களைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து லேர்தால் பள்ளத்தாக்கில் இருக்கும் போர்குண்டு கோயிலுக்குப் போனேன். மலைச்சரிவின் பச்சைக்கு நடுவே கரிய கூரைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, முகடுகளில் டிராகன் தலைகள் வாயைப் பிளந்து நிற்கின்றன. இதன் மரங்கள் 1180–81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இடைக்கால நார்வேயில் இப்படித் தூண் நிறுத்திக் கட்டிய கோயில்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கும் என்பது கணிப்பு. இன்று மிஞ்சியவை 28.

மேற்கு வாசல் மரத்தில் ரூன் என்னும் பழைய எழுத்தில் ஒரு கீறல் உண்டு. தோரிர் என்பவன், புனித ஓலாவ் திருநாளுக்கு முந்தைய மாலை இவ்வழியே போனபோது கீறியது. விதியின் தேவதைகள் தனக்குப் பெரும் பாடுகளை வகுத்துவிட்டார்கள் என்று அதில் புலம்புகிறான். எங்கே போனான், என்ன துக்கம் என்பதெல்லாம் அதில் இல்லை. எண்ணூறு ஆண்டு மழையிலும் பனியிலும் அவன் மனக்குறை அழியாமல் நின்றது எப்படி? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன். விடை கோயிலுக்கு வெளியே, ஏணியின் மேல் இருந்தது.

தெற்குச் சுவரில் இருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், அவரிடம் தொழில் பழகும் ஓர் இளம்பெண். கையிலிருந்தது கீல். சாலை போடும் தார் இல்லை. பைன் மரத்திலிருந்து வடிப்பது. வாசனை கிட்டே போகும் முன்பே வந்துவிட்டது: புகை, பிசின், அடியில் லேசாக ஒரு இனிப்பு.

“இதற்குப் பச்சை மரம் உதவாது” என்றார் பெரியவர். மரத்தை வெட்டியபின் அடிக்கட்டை மண்ணிலேயே பல ஆண்டு கிடக்க வேண்டும். வெளிப்பக்கத்து இளமரம் உளுத்து உதிர்ந்துபோகும். பிசின் ஊறிய நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அதைத் தோண்டியெடுத்து, மெல்லிய சிம்புகளாகப் பிளந்து, நடுவில் சரிந்து குழிந்த தரையில் வட்டமாக அடுக்குவார்கள். மேலே புல்கரணை போட்டு மூடி, விளிம்பில் நெருப்பு வைப்பார்கள். கொழுந்துவிட்டு எரிந்தால் எல்லாம் சாம்பல். காற்றை அடக்கி, உள்ளுக்குள்ளேயே கனிய விட வேண்டும். புகை கிளம்பும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு இராப்பகலாகக் காவல் இருக்க வேண்டும். அப்போதுதான் அடியில் வைத்த குழாய் வழியே கீல் சொட்டத் தொடங்கும்.

“மரம் வேர்க்கிறது” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பெரியவர் தலையாட்டினார். நான் ரோல்தாலிலிருந்து வருவதாக அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

கீலைச் சூடாக்கும் அடுப்பு கோயிலிலிருந்து நல்ல தூரம் தள்ளி இருந்தது. பெர்கனில் ஃபான்டாஃப்ட் தூண் கோயில் 1992இல் தீவைப்பில் எரிந்ததை இந்தத் தொழிலில் யாரும் மறந்ததில்லை. சூடு ஆறினால் கீல் மரத்துக்குள் இறங்காது என்பதால் அந்தப் பெண் சிறு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வந்தாள். தூரிகையில் தொட்டதும் ஏறக்குறைய தேன் நிறம். மர ஓட்டில் இழுத்தால் காப்பி நிறம். கருப்பாவதற்கு நாளாகும். அவள் ஓட்டின் முகத்தில் பூசிவிட்டு நகரப் போனாள். பெரியவர் கீழிருந்தபடியே தன் விரலை மடக்கிக் காட்டினார். அவள் திரும்பி வந்து, ஓட்டின் கீழ் விளிம்பில், நார்கள் வாய் திறந்திருக்கும் வெட்டு முனையில், தூரிகையை இரண்டு முறை குத்தி அழுத்தினாள். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

தெற்குச் சுவர்தான் ஓயாத வேலை. வெயிலில் கீல் இளகி வழிந்துவிடும். சில ஆண்டுக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். வடக்கில் அப்படியில்லை. பழைய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து, முதலை முதுகு போல் வெடித்திருக்கின்றன.

இந்தக் கோயில்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டியவர்களின் திறமையை வியப்பார்கள். நியாயம்தான். முந்திய கோயில்களில் தூண்களை மண்ணில் நட்டார்கள். பாதம் மக்கிச் சாய்ந்தன. இவர்கள் கல்மேல் அடிச்சட்டம் பரப்பித் தூண்களை அதன்மேல் ஏற்றினார்கள். வைரம் பாய்ந்த பைனாகத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே அரையிருட்டில் நின்று அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் கட்டியவர்களோடு விட்டிருந்தால் இது எப்போதோ மண்ணாகியிருக்கும். பூசியவர்களின் பெயர் எதுவும் எந்தச் சுவரிலும் இல்லை. புலம்பிப் போன தோரிருக்குக் கிடைத்த இடம்கூட அவர்களுக்கு இல்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் மழை. பேருந்துக்கு நேரம் இருந்ததால் கோயிலுக்கு நடந்தேன். எனக்கு முன்பே அவர்கள் இருவரும் சுவருக்கு எதிரே நனைந்துகொண்டு நின்றார்கள். புதுக் கீலின்மேல் விழுந்த துளிகள் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டு இறங்கின. மேல் வரிசையில் இரண்டு ஓடுகளில் மட்டும் ஈரம் பரவிக் கறைபோல் கருத்தது. அந்தப் பெண்தான் முதலில் கவனித்துக் கைநீட்டினாள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் போய் ஏணியை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தார், மழை விட்டு மரம் காய்ந்ததும் ஏறுவதற்கு.