சட்டைப்பைக்குள் ஒரு பாட்டுக் களஞ்சியம்

நுழையும்முன்

பாடலைக் கேட்க விரும்பியவர், பாடுபவரைத் தேடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. பின்னர் இசைத்தட்டும் ஒலிநாடாவும் பாடலை வீட்டிற்குள் கொண்டுவந்தன. இன்று பல்லாயிரம் பாடல்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன. கொங்கு நாட்டு விசைத்தறிக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒருவர், தாம் சேர்த்த பாடல்களையும் இழந்த ஒரு குரலையும் இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார்.

எங்கள் வீட்டில் இரவும் பகலும் தறி ஓடிக்கொண்டிருக்கும். கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சோமனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. தறிக்கூடத்தில் நிற்பவர்கள் வாயால் பேசுவதைவிடக் கையாலும் கண்ணாலும் பேசுவதே மிகுதி. மின்சாரம் தடைப்படும்பொழுதுதான் ஊரில் வேறு ஒலிகளும் இருக்கின்றன என்பது எங்களுக்கு நினைவுக்கு வரும். தொழுவத்து மாட்டின் கழுத்துமணி, கிணற்றடியில் குடம் வைக்கும் ஓசை, அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகை என ஒவ்வொன்றாகச் செவிக்கு எட்டும். அத்தகைய மின்வெட்டு மாலை ஒன்றில்தான் என் அப்பத்தாவின் குரல் ஒலிநாடாவில் பதிவாயிற்று.

அது 1984ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கூலிக்குத் தறி ஓட்டிய என் தந்தை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தார். மின்சாரம் இல்லாதபொழுது பேட்டரியிலும் அது இயங்கும். பாடல் கேட்பதற்கென வாங்கிய அக்கருவியில் சிவப்பு நிறப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் நாம் பேசுவதும் பதிவாகும் என்று அறிந்த நாள்முதல் என் கை சும்மா இருக்கவில்லை.

அப்பத்தாவிற்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், பாட்டுகளுக்குக் குறைவில்லை. தைப்பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கும் நோன்பன்று, எங்கள் பகுதிப் பெண்கள் கூட்டமாகச் சென்று ஆவாரம்பூப் பறித்து வந்து கும்மியடிப்பர். வட்டத்தின் நடுவே நின்று முதலடியை எடுத்துக் கொடுப்பவர் என் அப்பத்தாதான். இருட்டிய பின்னரும் அவருடைய பாட்டு முடிந்ததில்லை. கும்மியடிப்பவர்களின் கைகள்தாம் ஓய்ந்திருக்கின்றன.

"பாடுங்க, அப்பத்தா" என்றேன். அவர் கருவியை உற்றுப் பார்த்தார்.

"என்ற பேச்சு இந்தப் பொட்டிக்குள்ள போயிருமா, கண்ணு?"

போகும் என்றேன். வெற்றிலையை மென்று துப்பிவிட்டுத் திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்தார். 60 நிமிடம் ஓடும் ஒலிநாடா அது. ஒரு பக்கத்திற்கு 30 நிமிடம். இரு பக்கமும் தீரும்வரை பாடினார். நடுவே ஒருமுறைதான் தண்ணீர் கேட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. எனக்குத் திரைப்பாடல்கள்மீது பெரும் பித்துப் பிடித்திருந்தது. அந்நாளில் காந்திபுரத்தில் பாடல் பதிவுசெய்து தரும் கடைகள் இருந்தன. விருப்பமான பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், சில நாள்களில் ஒலிநாடாவில் பதிந்து தருவார்கள். புதிய நாடாவிற்கும் சேர்த்துப் பணம் கொடுக்க என்னிடம் வழியில்லை. வீட்டில் இருந்த நாடாவை எடுத்துக்கொண்டு பேருந்தேறினேன்.

கடைக்காரர் அதைக் கருவியில் இட்டுச் சற்றுக் கேட்டார். "இதுல யாரோ பாடி வெச்சிருக்காங்க, தம்பி. அழிச்சுப்போடலாமா?" என்று வினவினார்.

"அழிச்சுடுங்க" என்றேன்.

அவர்மீது எந்தப் பிழையும் இல்லை. அவர் கேட்டார், நான் விடை சொன்னேன். ஒலிநாடாவின் இயல்பு அப்படிப்பட்டது. இரும்பு ஆக்சைடுத் துகள் பூசிய மெல்லிய நாடா, நொடிக்கு ஏறத்தாழ 4.8 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். புதிதாகப் பதியும்பொழுது, முதலில் அழிக்கும் முனை பழைய காந்தப் பதிவைத் துடைத்துவிடும். அதன்பின் பதிவுமுனை புதியதை எழுதும். நாடாவின் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் எளிதில் பதிய இயலாது. அந்தத் தகட்டை உடைக்க ஒரு நொடி போதும். நான் உடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு மின்வெட்டு மாலையில் அப்பத்தா கேட்டார்: "என்ற பாட்டக் கொஞ்சம் போடு, கண்ணு."

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அதன்பின் அவர் கேட்கவே இல்லை. 1988இல் அவர் மறைந்தார்.

நான் கல்லூரிக்குச் சென்றேன், பணியில் சேர்ந்தேன். ஒலிநாடாக்கள் போய்க் குறுந்தகடுகள் வந்தன. பின்னர்ப் பாடல்கள் எம்பி3 கோப்புகளாகக் கணினிக்குள் புகுந்தன. குறுந்தகட்டின் தரத்தில் நான்கு நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 42 மெகாபைட்டு இடம் கொள்ளும். அதுவே வழக்கமான எம்பி3 முறையில் சுருக்கப்படும்பொழுது 4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பாடலின் நீளம் குறையாமல் அளவு மட்டும் பத்தில் ஒரு பங்காவது எப்படி என்று முதலில் வியந்தேன். விடை எங்கள் தறிக்கூடத்திலேயே இருந்தது. தறி ஓடும்பொழுது அருகில் நிற்பவர் மெல்லப் பேசினால் நமக்குக் கேட்பதில்லை. பேச்சு இல்லாமல் போகவில்லை. பேரொலி அதை மறைத்துவிடுகிறது. இசையிலும் ஓர் உரத்த ஒலி, அதற்கு நெருங்கிய அதிர்வெண்ணுடைய மெல்லொலியை நம் செவிக்கு எட்டாமல் செய்துவிடும். அவ்வாறு மறையும் ஒலிகளைக் கணித்து, அவற்றைப் பதியும் நுட்பத்தைக் குறைத்தோ நீக்கியோ இடத்தை மிச்சப்படுத்துவதே எம்பி3 முறையின் அடிப்படை.

2010இல் கையடக்க இசைக்கருவி ஒன்றை வாங்கினேன். சட்டைப்பையில் அடங்கும் அதன் உள்ளே 160 ஜிகாபைட்டு கொள்ளளவுள்ள சிறிய வன்தட்டு சுழன்றது. பாடலுக்கு 4 மெகாபைட்டு எனக் கொண்டால் 40,000 பாடல்கள் அதில் அடங்கும். கணக்கிட்டுப் பார்த்தேன். பாடலுக்கு நான்கு நிமிடம் என்றால், உண்ணாமல் உறங்காமல் கேட்டாலும் 111 நாள்கள் ஆகும். அத்தனையையும் 60 நிமிட ஒலிநாடாக்களில் பதிந்தால் 2,600க்கும் மேற்பட்ட நாடாக்கள் வேண்டும். எங்கள் வீட்டுப் பரண் கொள்ளாது.

ஓராண்டுக் காலம் விடுமுறை நாள்களையெல்லாம் அதற்கே செலவிட்டேன். குறுந்தகடுகளைக் கணினிக்கு மாற்றினேன். நண்பர்களின் சேகரிப்புகளைக் கேட்டு வாங்கினேன். பாடல், படம், இசையமைப்பாளர், ஆண்டு எனப் பெயரிட்டு வரிசைப்படுத்தினேன். 22,000 பாடல்கள் சேர்ந்தன. ரயிலில் செல்லும்பொழுது எதைக் கேட்பது என்று தேடித் தேடியே ஈரோடு வந்துவிடும். ஆயினும், அத்தனையும் என் சட்டைப்பையில் இருக்கின்றன என்னும் பெருமிதம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இறுதியாக, பரணில் கிடந்த பழைய ஒலிநாடாக்களை மாற்றத் தொடங்கினேன். காந்திபுரத்துக் கடையில் பதிந்த நாடாவும் அவற்றுள் ஒன்று. முதல் பக்கம் முழுவதும் திரைப்பாடல்கள். இரண்டாம் பக்கத்தில் 26ஆம் நிமிடத்தில் கடைசிப் பாடல் முடிந்தது. நான் எழுதிக் கொடுத்த பட்டியல் அவ்வளவுதான். கருவியை நிறுத்தக் கை நீட்டினேன். சிறிது நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, பாட்டின் நடுவிலிருந்து அப்பத்தாவின் குரல் எழுந்தது.

நான்கு நிமிடங்கள். கடைக்காரரின் பதிவு எட்டாத நாடாவின் கடைக்கோடியில், 24 ஆண்டுகளாக அந்தக் குரல் இருந்திருக்கிறது. பின்னணியில் எங்கள் மாட்டின் கழுத்துமணி கேட்கிறது. இளமையான குரலில் என் தந்தை ஒருமுறை இருமுகிறார். பாட்டு முடிந்ததும், "போதுமா கண்ணு? பொட்டி நின்னுருச்சா?" என்று அப்பத்தா கேட்கிறார். அதற்கு என் விடை வருவதற்குள் நாடா தீர்ந்துவிடுகிறது.

அந்த நான்கு நிமிடத்தை நான் சுருக்கவில்லை. எந்த ஒலி வேண்டும், எந்த ஒலி வேண்டா என்பதைக் கணினியின் கணக்கிற்கு விட எனக்கு மனம் வரவில்லை; மாட்டின் மணியும் எனக்கு வேண்டும். முழு அளவிலேயே சேமித்தேன். குறுந்தகடுகளில் படியெடுத்து என் தங்கைக்கும் அத்தைக்கும் கொடுத்தேன்.

2015இல் ஒருநாள் என் இசைக்கருவி இயங்க மறுத்தது. உள்ளிருந்த வன்தட்டு பழுதாகியிருந்தது. 22,000 பாடல்களும் போயின. ஒரு வாரம் உணவு செல்லவில்லை. ஆனால், அடுத்த சில மாதங்களில் வியப்பான ஒன்றைக் கண்டேன். இழந்த பாடல்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. ஒரு நண்பரிடம் சில நூறு இருந்தன. இன்னொருவரிடம் சில ஆயிரம் இருந்தன. ஏனையவை இணையத்தில் கிடைத்தன. ஆயிரம் வீடுகளில் இருக்கும் பாடலுக்கு என் சட்டைப்பை தேவைப்படவில்லை. உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தவை அந்த நான்கு நிமிடங்கள் மட்டுமே. படியெடுத்து வைத்ததனால் அவை பிழைத்தன. அழிந்த 56 நிமிடங்களை எந்த நண்பரிடமும் நான் கேட்டுப் பெற முடியாது.

கருவிகள் இல்லாத காலத்திலும் நம் முன்னோர் பெரும் பாட்டுச் செல்வத்தைச் சுமந்தே நடந்தனர். கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடும் கலைஞருக்கு நெஞ்சமே நினைவகம். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் காங்கேயம் பகுதியில் தங்கியிருந்தபொழுது அக்கதையைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1992இல் அது நூலாகவும் வெளிவந்தது. தொலைவிலிருந்து வந்த ஒருவர் அதன் அருமையை அறிந்து பதிந்தார். வீட்டுத் திண்ணையில் இருந்ததை நான் அழித்தேன். இதை எண்ணும்பொழுதெல்லாம் எனக்கு நாணமாக இருக்கிறது.

2019ஆம் ஆண்டுத் தை மாதம் ஊருக்குச் சென்றிருந்தேன். அப்பத்தாவோடு கும்மியடித்த தோழியருள் ஒருவர் மட்டும் எஞ்சியிருந்தார். அகவை எண்பதைக் கடந்தவர். அவர் அருகில் அமர்ந்து, திறன்பேசியில் அந்த நான்கு நிமிடத்தை ஒலிக்கச் செய்தேன். அவர் திறன்பேசியைப் பார்க்கவில்லை; வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இந்த எடத்துல அவ எப்பவுமே ஓரடிய விட்டுப்போட்டுத்தான் பாடுவா" என்றார்.

விடுபட்ட அடியைச் சொன்னார். அப்படியே நிறுத்தாமல், பாட்டின் தொடக்கத்திற்குச் சென்று முதலடியிலிருந்து பாடத் தொடங்கினார். நாடாவில் நான் அழித்த பகுதி அது. அவருடைய பேத்தி, உங்களைப் போல் பதினொன்றாம் வகுப்பில் படிப்பவள், சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டாள். சற்று நேரத்தில் அவள் கைகளும் தாளமிட்டன. நான் திறன்பேசியின் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தேன்.

மூன்று பாட்டுகள் முடிந்தன. மூச்சு வாங்க அவர் நிறுத்தினார்.

"போதுமா, சாமி?" என்று கேட்டார்.

"போதாதுங்க. இன்னும் பாடுங்க" என்றேன்.

தெரிந்து தெளிவோம்: கையடக்க இசையின் வழித்தடம்

1963 – பிலிப்ஸ் நிறுவனம் கையடக்க ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது.
1979 – ஜப்பானின் சோனி நிறுவனம், நடந்துகொண்டே பாடல் கேட்க உதவும் வாக்மேனை வெளியிட்டது.
1995 – ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தினர், சுருக்கப்பட்ட ஒலிக்கோப்பிற்கு 'எம்பி3' என்னும் பெயரைத் தேர்ந்தனர்.
2001 – ஆயிரம் பாடல்களைக் கொள்ளும் ஐபாடினை ஆப்பிள் நிறுவனம் அறிமுகம் செய்தது. 2022இல் அவ்வரிசைக் கருவிகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.
2017 – சரிகம நிறுவனம், 5,000 பழைய பாடல்கள் பதிந்த 'கார்வான்' கருவியை இந்தியாவில் வெளியிட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள முதியவர் ஒருவரின் இசைவைப் பெற்று, அவர் பாடும் தாலாட்டு, கும்மி, ஏற்றப்பாட்டு ஆகியவற்றுள் ஒன்றைப் பதிவு செய்க. பாடியவர் பெயர், ஊர், நாள், பாடப்படும் சூழல் ஆகியவற்றைக் குறித்து வைத்து, குறைந்தது மூன்று இடங்களில் படியெடுத்துப் பாதுகாக்க.

2. 'ஆயிரம் வீடுகளில் இருக்கும் பாடலுக்கு என் சட்டைப்பை தேவைப்படவில்லை' என்னும் கட்டுரையாளரின் கூற்று குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.