ஏலத்தோட்டத்து ஜீப்: பட்டறைக் குறிப்புகள்

பழைய ஜீப்பைச் சரிபண்ணுகிறேன் என்று சொன்னால் போதும், கேட்பவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி: "ஒரிஜினலா ஆக்கப் போறீங்களா?" இன்னும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எந்த வருஷத்து ஒரிஜினல்?

*

வண்டி சி.ஜே.3பி. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவு 1968. போடியிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிவிட்ட வண்டி. பிறகு யாரோ வாங்கித் தென்னந்தோப்பில் மட்டை இழுக்க வைத்திருக்கிறார்கள். அதன்பின் அதே தோப்பில் மட்டைகளுக்கு அடியிலேயே கிடந்தது. இப்போது எங்கள் வீட்டுப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் நான்கு மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது.

*

இதன் உயர்ந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. யுத்த கால வில்லிஸ் ஜீப்பில் வால்வுகள் எல்லாமே எஞ்சின் பிளாக்கில் இருந்தன; எஞ்சின் குள்ளம், பானெட்டும் தாழ்வு. 1953இல் வில்லிஸ் கம்பெனி புது எஞ்சினைப் போட்டது. காற்று உள்ளே வரும் வால்வுகள் மேலே ஹெட்டுக்குப் போயின, புகை வெளியேறும் வால்வுகள் பிளாக்கிலேயே தங்கின. கொள்ளளவு அதே 2.2 லிட்டர், குதிரைத்திறன் மட்டும் 60இலிருந்து 70க்கு மேலே போனது. ஆனால் எஞ்சின் உயரமாகிவிட்டதால் பானெட்டையும் கிரில்லையும் தூக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜீப் பைத்தியங்கள் பலருக்கு இந்த முகம் பிடிப்பதில்லை. மகிந்திரா பம்பாயில் உரிமம் வாங்கிப் பல வருஷம் செய்தது இதைத்தான் என்பதால் நமக்கு ஜீப் என்றாலே இந்த முகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், எந்த எஞ்சினுக்காக மூக்கை உயர்த்தினார்களோ அந்த எஞ்சின் என் வண்டியில் இல்லை. உள்ளே இருப்பது பெஜோ டீசல், 2112 சி.சி.

*

ஏன் மாற்றினார்கள் என்று கேட்கவே வேண்டாம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் போட்டு மலை ஏற்றிக் கட்டுப்படியாகாது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பெட்ரோல் ஜீப்புகளுக்கு டீசல் இதயம் வைப்பது ஊர் ஊராக நடந்த தொழில். மேட்டடார் எஞ்சின், பெஜோ எஞ்சின், எது கிடைத்ததோ அது. எஞ்சினையும் பழைய கியர் பாக்ஸையும் சேர்க்க லேத்தில் ஒரு கனமான இரும்புப் பிளேட் கடைந்து நடுவே கொடுப்பார்கள். என் வண்டியில் உள்ள பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஓட்டைகளின் மையம் தப்பவில்லை, விளிம்பில் பிசிறு இல்லை. வரைபடம் எதுவும் இல்லாமல் ஒரு லேத்துக்காரர் இதைக் கடைந்திருக்கிறார். இதைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கிருந்தாவது ஒரு பெட்ரோல் எஞ்சின் தேடிப்பிடித்து வைத்தால் வண்டி 'ஒரிஜினல்' ஆகிவிடுமாம். எனக்கு மனசில்லை.

சட்டம் வேறு மாதிரி நினைக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும், 10 வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, அவ்வளவுதான். என் வண்டி வயதில் தேறும், எஞ்சினில் தேறாது. தேறினாலும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்துவதற்கா இத்தனை துருவைச் சுரண்டுகிறேன்?

*

ஸ்பேனர் விவகாரம். ஜீப் அமெரிக்க அங்குலக் கணக்கு: ஏழு பதினாறு, அரை, ஒன்பது பதினாறு. பெஜோ பிரெஞ்சுக்காரன், எல்லாம் மில்லிமீட்டர். ஆகவே பெல் ஹவுசிங்குக்கு முன்னால் மில்லிமீட்டர் பெட்டி, பின்னால் அங்குலப் பெட்டி. ஏழு பதினாறுக்கு 11 மி.மீ. ஸ்பேனர் கஷ்டப்பட்டு உட்காரும். அரை அங்குலத்தில் 13 போட்டால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், இறுக்கமான போல்ட்டில் முனையைத் தின்றுவிடும். ஒன்பது பதினாறுக்கு 14 நுழையாது, 15 வழுக்கும். முனை தேய்ந்த போல்ட் தலைகளைப் பார்த்தாலே முந்தைய மெக்கானிக்குகளிடம் எந்தப் பெட்டி இருந்தது என்று தெரிந்துவிடுகிறது.

*

இடது பக்கச் சக்கரம் கழலவே இல்லை. உதவிக்கு வரும் பையன் ஸ்பேனரில் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்று குதித்தான். வேலியோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், முன்னாளில் ஜீப் டிரைவர், சிரித்தார்.

"தம்பி, எதிர்மரைப்பா அது. நீ இன்னும் டைட் வைக்கிற."

பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர்மரைதான். ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. கழற்றிப் பார்த்தால் பின்னிடது சக்கரத்தில் ஐந்து போல்ட்டுகளில் மூன்று எதிர்மரை, இரண்டு நேர்மரை. எப்போதோ இரண்டு ஒடிந்திருக்கிறது, கடையில் இருந்ததைப் போட்டிருக்கிறார்கள். இது மட்டும் பழைய முறைக்கே போகிறது. ஒரே சக்கரத்தில் இரண்டு சாதி மரை இருந்தால் இரவில் பஞ்சர் ஒட்டுபவன் பாவம்.

*

துரு. பெரிய தகடுகளுக்கு வயர் பிரஷ். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. தண்ணீர் விட்டு எமரி பேப்பர், மூக்குக்கு நல்ல மாஸ்க். சின்னச் சாமான்களுக்கு மின்சாரக் குளியல் போடுகிறேன். பிளாஸ்டிக் டிரம், தண்ணீர், சலவைச் சோடா, பழைய பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமான் மைனஸில். பிளஸ்ஸில் ஏதாவது வேண்டாத இரும்புக் கம்பி. இரவு முழுக்க நுரைத்து, காலையில் கறுப்பாகப் படிந்திருப்பதைத் தேங்காய் நாரால் தேய்த்தால் இரும்பு வெளியே வரும். சோடா கரைசல் நல்ல இரும்பைத் தொடாது, அமிலம் தொடும். அதனால்தான் இது.

இரண்டு எச்சரிக்கை. பிளஸ்ஸில் எவர்சில்வர் மாட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் கலக்கும், அதைக் கொட்ட இடமே கிடையாது. இன்னொன்று, நுரைப்பது ஹைட்ரஜன். திறந்தவெளியில் வைக்க வேண்டும். பீடிப் பெரியவரை அந்தப் பக்கம் அண்டவிடுவதில்லை.

"வீட்ல ஒரு டிரம் தண்ணி பிடிக்க முடியல, உங்க போல்ட்டு குளிக்குது" என்கிறாள் இவள். நியாயம்தான்.

*

கழற்றிய சாமான்களின் முத்திரைகளைத் துடைத்துப் பார்ப்பது எனக்குத் தனி சுகம். வரைந்தது அமெரிக்காவின் டோலிடோ நகரம், சேர்த்தது பம்பாய். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் மதறாஸை ஒட்டிய பாடி என்ற ஊரில் செய்தது, லூகாஸ் டி.வி.எஸ். சக்கர சிலிண்டரும் பாடிதான், பிரேக்ஸ் இந்தியா. 1961, 62இல் அடுத்தடுத்துத் தொடங்கிய கம்பெனிகள் இவை. அதற்கும் முன்னால், 1949இலேயே, செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் வந்துவிட்டது. அறுபதுகளில் மதறாஸ் சுற்றுப்புறம் நாட்டுக்கே வண்டிச் சாமான் செய்துகொண்டிருந்தது. ஆக ஒரு மலை ஜீப்பைப் பிரித்துப் போட்டால் அந்தக் காலத்து மதறாஸ் தொழிற்பேட்டையின் பாதி, கொட்டகைத் தரையில் பரப்பிக் கிடக்கிறது.

*

ஹேண்ட் பிரேக்கைப் பற்றித் தெரியாமல் யாரும் இந்த வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். மற்ற வண்டிகள் மாதிரி பின்சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஒரு டிரம். அது பின்பக்க ஷாப்ட்டைப் பிடிக்கிறது. ஷாப்ட் நின்றாலும் டிஃபரன்ஷியல் இருக்கிறதே? ஜாக்கி வைத்து ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் சாவகாசமாக உருளும். ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்தபடியே வண்டி நகரும். கல் கொடுக்காமல் ஜாக்கி தொடக் கூடாது என்று மலை டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

*

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆக்ஸில் விகிதம் 5.38. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் சக்கரம் சுற்றுவது 557 முறை. வேகம் மணிக்கு 75 கி.மீ. கூட இல்லை. அதற்குமேல் டீசல் கத்தும், நாமும் கத்த வேண்டும்.

மறுபக்கம்: ஃபோர் வீல் லோ, முதல் கியர். கியர் பாக்ஸ் 2.8, டிரான்ஸ்பர் 2.46, ஆக்ஸில் 5.38, பெருக்கினால் எஞ்சின் 37 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், மூட்டை சுமந்து மேடு ஏறுபவரைவிட மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறும். சேற்றில் சக்கரம் சுழலாமல் பிடிப்பது பலத்தால் என்று நினைக்கிறோம். பாதிக்குமேல் இந்த நிதானத்தால்தான்.

லோவில் போட்டுவிட்டுத் தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போகும், பின்சக்கரம் குறைவாகப் போகும். அந்த வித்தியாசம் மண்ணில் சறுக்கித் தீரும், தாரில் தீராமல் ஷாப்ட்டில் முறுக்கேறி நிற்கும். லிவர் வெளியே வராது. கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் லேசாகும். முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை என்பதால் ஓடும்போது அதில் போட இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும். இதெல்லாம் பெரியவருக்குக் காலிலேயே இருக்கிறது. எனக்குத் தாளில்தான்.

*

ஸ்டீயரிங் நடுக்கம். 40ஐத் தொட்டால் முன்சக்கரங்கள் பேய் பிடித்த மாதிரி ஆடும் என்று முந்தைய சொந்தக்காரர் எச்சரித்திருந்தார். டயரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கிங்பின் பேரிங் தளர்ந்திருக்கும், டை ராடு எண்டு தேய்ந்திருக்கும். கிங்பின்னுக்கு மேலும் கீழும் தாள் கனத்தில் ஷிம்கள். ஒவ்வொன்றாக எடுத்து இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு மீன்கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசு போதும்: சக்கரத்தைத் திருப்பும் ஆர்மில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் திரும்பத் தொடங்குகிறது என்று பார்ப்பது. இரண்டு பக்கமும் ஒரே எடை காட்ட வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கு இணையான திருப்தி வேறில்லை.

*

பெயின்ட். இதில்தான் சண்டை. நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில்: "மிலிட்டரி பச்சை அடிச்சு, பானெட்ல வெள்ளை ஸ்டார் போடுங்க. கெத்தா இருக்கும்."

அந்த நட்சத்திரம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ வண்டிகளுக்குப் போட்டது. 1968இல் பதிவாகி, ஏலக்காய் பறிக்கிற பெண்களைக் கருக்கலில் ஏற்றிப்போன வண்டிக்கும் நார்மண்டிக் கடற்கரைக்கும் என்ன உறவு? போதாததற்கு, மத்திய மோட்டார் வாகன விதி 121 ராணுவத்தைத் தவிர யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. ரோட்டில் ஓடும் பாதி ஜீப்புகள் அந்த விதியைப் படித்ததில்லை.

பானெட்டின் ஒரு மூலையை மெதுவாகத் தேய்த்தேன். மேலே வெள்ளை, அதன்கீழ் நீலம், பிறகு பிரஷால் அடித்த ஒரு மங்கிய பச்சை, அடியில் சாம்பல். எது முதல் நிறம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சாம்பல் வெறும் பிரைமராக இருக்கலாம். நீலம் அடிக்கலாம் என்றிருக்கிறேன். ஆள் ஏற்றிய காலத்தில் நீலமாகத்தான் இருந்தது என்று பெரியவர் சொல்கிறார். அவர் சொல்லுக்கு மேல் எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

*

பின்னால் ஆங்கிள் இரும்பில் ஒரு படி வெல்டு செய்திருக்கிறார்கள். உள்ளே இடமில்லாதவர்கள் நிற்க. மேலே பிடித்துக்கொள்ளக் குழாய். படியின் நடுப்பகுதி செருப்புப் பட்டுப்பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. டிங்கர் வந்து பார்த்துவிட்டு, "இதை அறுத்துரலாம் சார், கம்பெனி பிட்டிங் இல்ல" என்றார். வேண்டாம் என்றேன். சேஸிஸில் வெல்டு விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். இல்லை. கம்பெனி வெல்டைவிட நன்றாக இருக்கிறது.

டேஷ்போர்டில் சாமி படத்துக்கும் சீரியல் பல்புக்கும் போட்ட ஓட்டைகள். அவற்றையும் அடைக்கப் போவதில்லை. தரைத்தகட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுப்போட்ட தகரங்களை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு. டீசல் எஞ்சின் கனத்துக்காக முன்பக்கம் சேர்த்திருந்த கூடுதல் கமான் பட்டை அப்படியே இருக்கும்.

*

பிரேக்கில் மட்டும் பழமை பாசம் எதுவும் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டு முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிரிக்கப் போகிறேன். மலைக்குப் போகிற வண்டி. 'ஒரிஜினல் இல்லையே' என்பவர் கீழே இறங்கும்போது பின்படியில் நின்று வரட்டும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

*

அடுத்த வாரத்துக்கு: உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஹாரன் பட்டன். ஹீட்டர் பிளக் நான்கு. எதிர்மரை வீல் போல்ட் இரண்டு, நட்டோடு. டீசல் லைனுக்கு வாஷர். லேத்துக்காரரிடம் கிங்பின் ஷிம் வெட்டக் கொடுத்தது வந்துவிட்டதா என்று கேட்க. நீல பெயின்ட் நான்கு லிட்டர் போதுமா, பெயின்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்க.